உயர்தர ஆடியோவில் கேட்கும் இசை நேரில் கேட்பது போல இருக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்ல ஆம்ப்ளிஃபயர், நல்ல ஸ்பீக்கர் எல்லாம் வாங்கி வைத்த பிறகும் "நேரில் உட்கார்ந்து கேட்டது போல இல்லையே" என்ற குறை பலருக்கும் இருக்கிறது. எனக்கும் பல வருஷங்கள் இருந்தது. இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், இருக்குமா இருக்காதா?

ஒரே ஒரு குரல், ஒரு கிடார், ஒரு வீணை என்றால் கிட்டத்தட்ட இருக்கும், சில சமயம் உடம்பு சிலிர்க்கிற அளவுக்கு இருக்கும். முழு ஆர்க்கெஸ்ட்ரா, பத்தடி தூரத்தில் வாசிக்கும் தவில், ட்ரம் செட், ட்ரம்பெட் என்றால் இருக்காது, எவ்வளவு செலவு செய்தாலும் இருக்காது. அந்த இடைவெளி எங்கே விழுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம், ஏனென்றால் பலரும் பணத்தைக் கொட்டுகிற இடத்தில் அது இல்லை.

"இயற்கையான ஒலி" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

மைக் இல்லாமல், ஸ்பீக்கர் இல்லாமல், ஒரு நிஜமான இடத்தில் ஒரு வாத்தியமோ குரலோ எழுப்பும் ஒலியை வைத்து. அமெரிக்காவில் ஹாரி பியர்சன் 1973இல் 'தி அப்சல்யூட் சவுண்ட்' என்ற பத்திரிகையைத் தொடங்கியபோது வைத்த அளவுகோல் இதுதான். அந்தப் பத்திரிகை பிற்பாடு எழுதிய பல விஷயங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் இந்த அளவுகோல் சரியானது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இன்று "நேரில் கேட்டேன்" என்று நாம் சொல்லும் கச்சேரிகளில் பெரும்பாலானவை மைக் வைத்து நடப்பவை, அங்கே நம் காதுக்கு வருவதும் ஸ்பீக்கரின் ஒலிதான், பல நேரங்களில் அது வீட்டில் இருப்பதைவிடக் கரடுமுரடாகவே இருக்கும். அதை வைத்து வீட்டு ஸ்பீக்கரை எடை போட்டால் ஒரு ஸ்பீக்கரை இன்னொரு ஸ்பீக்கரோடு ஒப்பிடுகிறோம், அவ்வளவுதான். அப்புறம், கணினியிலேயே உருவான சின்தசைசர் இசைக்கு "நேரடி ஒலி" என்று ஒன்று கிடையவே கிடையாது, அதனால் இந்தக் கேள்வியே அங்கே எழாது.

ஃப்ளாயிட் டூல் என்ற ஒலியியல் அறிஞர் இன்னொரு சிக்கலைச் சொல்கிறார், அதற்கு அவர் தந்த பெயரைத் தமிழில் குழப்ப வட்டம் எனலாம். ஒரு பதிவைச் செய்பவர் தன் ஸ்டூடியோ ஸ்பீக்கரில் கேட்டு அதற்கு ஏற்றபடி ஒலியைத் திருத்துகிறார், நாம் அந்தப் பதிவைப் போட்டு நம் ஸ்பீக்கரை மதிப்பிடுகிறோம், அந்த ஸ்டூடியோ ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தவரும் வேறு ஏதோ பதிவைப் போட்டுக் கேட்டுத்தான் தேர்ந்தெடுத்திருப்பார். நிஜமான ஒலி இந்த வட்டத்துக்குள் எந்த இடத்திலும் வரவில்லை பாருங்கள்.

நூறு வருஷத்துக்கு முன்பே நேரடிப் பாட்டுக்கும் பதிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று படித்தேனே?

நடந்தது உண்மைதான். எடிசனின் நிறுவனம் 1915 முதல் ஊர் ஊராகப் பாடகர்களை அழைத்துப்போய் மேடையில் டிஸ்க் ஃபோனோகிராஃப் என்ற பாட்டுப் பெட்டியின் பக்கத்தில் நிறுத்திப் பாடவைத்தது. பாதியில் பாடகர் வாயை மூடிக்கொள்வார், பெட்டி தொடர்ந்து பாடும், சபையில் பலருக்கும் மாறியது தெரியவில்லை என்று அன்றைய செய்தித்தாள்கள் எழுதின. மைக் வைத்துப் பதியாத காலம் அது, புனலுக்கு முன்னால் நின்று பாடிப் பதிந்தவை, உயர்ந்த அதிர்வெண்கள் அதில் பெரும்பாலும் ஏறவே இல்லை. பிறகு எப்படி ஏமாந்தார்கள்? அந்த நிகழ்ச்சிகளில் பாடிய அன்னா கேஸ் பிற்காலத்தில் சொன்ன விளக்கம் இது: பெட்டியின் ஒலியளவுக்குத் தன் குரலை இறக்கிக்கொண்டு பாடினாராம். பெட்டி பாடகியை எட்டவில்லை, பாடகி பெட்டிக்காக இறங்கி வந்திருக்கிறார்.

பிற்காலச் சோதனைகள் இன்னும் நேர்மையானவை. 1954இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் வார்ஃப்டேல் நிறுவனர் கில்பர்ட் பிரிக்ஸ், குவாட் ஆம்ப்ளிஃபயர்களை உருவாக்கிய பீட்டர் வாக்கரோடு சேர்ந்து நேரடி வாசிப்பையும் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கவைத்தார், மறுவருஷம் நியூயார்க் கார்னகி ஹாலிலும் செய்தார். பிறகு அமெரிக்காவின் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற நால்வர் குழுவை வைத்து இப்படி நிறைய நிகழ்ச்சிகள் நடத்தியது, வாத்தியக்காரர்கள் வில்லை மட்டும் அசைக்க ஸ்பீக்கர் வாசிக்கும், கேட்டவர்கள் பலர் கண்டுபிடிக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்படிப்பட்ட சோதனைக்குப் பதிவு கூடுமானவரை எதிரொலி இல்லாமல், வறட்டு ஒலியாக இருக்க வேண்டும், அப்போதுதான் அதை வாத்தியம் வாசிக்கும் அதே இடத்திலிருந்து திருப்பி ஒலிக்கவிடும்போது அரங்கம் தன் எதிரொலியை இரண்டுக்கும் ஒரே மாதிரி சேர்க்கும். வீட்டில் நாம் கேட்பது நேர் எதிரான நிலை. ஒரு பெரிய அரங்கத்தின் எதிரொலி பதிவுக்குள்ளேயே இருக்கிறது, அதை இரண்டே புள்ளிகளிலிருந்து ஒரு சின்ன அறைக்குள் விடுகிறோம், அந்த அறையும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறது. "இந்தக் கலைஞர் என் அறைக்கு வந்து வாசிக்கிறார்" என்ற மாயத்தை உண்டாக்குவது ஓரளவு எளிது, "நான் அந்த அரங்கத்துக்குப் போய்விட்டேன்" என்ற மாயத்தை உண்டாக்குவது மிகக் கடினம். முதல் பதிலில் வீணைக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் நடுவே நான் போட்ட கோடு இதனால்தான்.

அப்படியானால் எது தடுக்கிறது? ஆம்பா, டிஏசியா, ஸ்பீக்கரா, அறையா?

ஆம்ப்ளிஃபயரும், டிஜிட்டல் பதிவை மின்னலையாக மாற்றும் டிஏசியும் தடுக்கவில்லை. இன்று ஒழுங்காக வடிவமைத்த ஆம்ப்ளிஃபயரில் ஒலியின் திரிபு பெரும்பாலும் 0.01 சதவீதத்தின் பக்கம்தான், டிஏசிகளில் அதைவிடவும் பல மடங்கு குறைவு, மனிதக் காது அவ்வளவு தூரம் இறங்கிப் போகாது. நல்ல ஸ்பீக்கரிலோ ஓரளவு உரக்க வைத்தாலே அரை சதவீதம், ஒரு சதவீதம் என்று வரும், கீழ் பாஸில் பல சதவீதம்கூடப் போகும். அதனால் சங்கிலியில் பலவீனமான கண்ணி எது என்று கேட்டால் முதலில் பதிவு, பிறகு அறை, பிறகு ஸ்பீக்கர், மற்றதெல்லாம் வெகு தூரம் பின்னால் என்பேன்.

அறையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இதைத் தொடுவதே இல்லை. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையில் சுவருக்குச் சுவர் முட்டி நிலையாக நிற்கும் அலைகள் 34, 43, 57 ஹெர்ட்ஸில் தொடங்கும். அந்த இடங்களில் பாஸ் வீங்கிவிடும், உட்காரும் இடத்தைப் பொறுத்துச் சில சுரங்கள் காணாமலும் போகும், 10 டெசிபலுக்கு மேல் ஏற்ற இறக்கம் சர்வசாதாரணம். டபுள் பாஸ் வாத்தியத்தின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ், பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ், ஆக இசையின் அடித்தளமே இந்தக் குழிகளிலும் மேடுகளிலும்தான் விழுகிறது. பெரிய அரங்கத்தில் இந்த அலைகள் மிக நெருக்கமாக, கேட்கும் எல்லைக்கும் கீழிருந்தே தொடங்குவதால் காதுக்குச் சமதளமாகத் தெரியும். வியன்னாவின் மூசிக்ஃபெரைன் அரங்கில் எதிரொலி அடங்க ஏறக்குறைய இரண்டு விநாடி ஆகும், சாமான்கள் உள்ள சாதாரண அறையில் அரை விநாடிக்குள் அடங்கிவிடும். இந்த வித்தியாசத்தை எந்தப் பெட்டியாலும் சரிசெய்ய முடியாது.

பதிவில் என்ன குறை? எல்லாம் பெரிய ஸ்டூடியோவில் செய்ததுதானே?

குறை என்பதைவிட, நோக்கமே வேறு. வயலினை நாம் ஐந்து, பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்கிறோம். மைக்கோ பல பதிவுகளில் ஒரு முழத்துக்குள் இருக்கிறது. வயலின் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை, தாழ்ந்த சுரங்கள் சுற்றிலும் பரவும், உயர்ந்தவை மேல் பலகையிலிருந்து குறிப்பிட்ட சில பக்கங்களுக்குத்தான் போகும், அரங்கத்தில் கூரையிலும் சுவரிலும் பட்டு இவை அத்தனையும் கலந்த பிறகுதான் "வயலின் நாதம்" என்று நாம் அறிந்த ஒன்று உருவாகிறது. தலைக்கு மேல் தொங்கும் மைக் அந்தக் கலவையின் ஒரு கீற்றை மட்டும் எடுக்கிறது, அதனால்தான் எத்தனையோ பதிவுகளில் வயலின் கூட்டம் கம்பியைச் சுரண்டுவது போலக் கீச்சிடுகிறது, நாம் அநியாயமாக ஸ்பீக்கரில் உயர்ந்த சுரங்களைத் தரும் ட்வீட்டரைத் திட்டுகிறோம்.

என் நண்பர் ஒருவர் என் அறையில் வயலின் வாசித்ததை இரண்டு மைக் மட்டும் வைத்து, இரண்டு மீட்டர் தள்ளிப் பதிந்தேன். எந்த வடிகட்டலும் இல்லாமல், அவர் நின்ற இடத்தில் ஸ்பீக்கரை வைத்து, அதே ஒலியளவில் போட்டோம். சுர வண்ணம் அப்படியே வந்துவிட்டது, பக்கத்தில் இருந்தவர்கள் வியந்துபோனார்கள், ஆனால் நண்பர் சொன்னது என் மனதில் நிற்கிறது: "ஒலி என்னுடையதுதான், ஆனால் அது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது." வயலின் அறையை நிரப்புகிற விதமும் ஸ்பீக்கர் அறையை நிரப்புகிற விதமும் வேறு என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒலியளவு ஏன் பெரிய விஷயம்? வால்யூமைக் கூட்டினால் போதாதா?

போதாது. நேரடி இசையின் உயிர் அதன் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. மிருதங்கத்தில் விழும் ஒரு அறை, பியானோவில் சட்டென்று விழும் ஒரு கட்டை, இவற்றின் உச்சம் சராசரியைவிட 20 டெசிபலோ அதற்கு மேலோ எகிறும். பல சினிமா, பாப் பதிவுகளில் எல்லாமே உரக்கக் கேட்க வேண்டும் என்பதற்காக கம்ப்ரெஸர், லிமிட்டர் போட்டு அதை 10 டெசிபல், சில சமயம் அதற்கும் கீழே நசுக்கிவிடுகிறார்கள். நசுக்கியதை வால்யூம் திருகி மீட்க முடியாது.

சரி, நசுக்காத பதிவு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம், இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 87 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கர், நீங்கள் உட்கார்ந்திருப்பது 3 மீட்டரில். திறந்தவெளிக் கணக்கில் தூரத்தால் 9.5 டெசிபல் போய்விடும். உச்சத்தில் 105 டெசிபல் வேண்டுமென்றால் 500 வாட்டுக்கு மேல் தேவை. இரண்டாவது ஸ்பீக்கரும் சுவர்களின் பிரதிபலிப்பும் சேர்ந்து ஐந்தாறு டெசிபல் உதவினால்கூட 150 வாட் பக்கம் வருகிறது, அதைவிட 3 டெசிபல் கூட்ட அந்த வாட் இரட்டிப்பாக வேண்டும். இந்த அளவில் சின்ன ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் சூடாகி, மின்தடை ஏறி, உச்சங்கள் மழுங்கும். பெரிய ஸ்பீக்கர்களும் ஹார்ன் வகைகளும் மற்ற குறைகள் இருந்தும் "உயிரோட்டமாக" இருப்பதாக நமக்குத் தோன்ற இதுதான் காரணம், அது வெறும் மனப்பிரமை இல்லை.

சிடியைவிட நுண்ணிய அளவில் வரும் ஹை-ரெஸ் பதிவுகள் இந்த இடைவெளியைக் குறைக்குமா?

இல்லை. 1982இல் வந்த சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவே 20 கிலோஹெர்ட்ஸ் வரையும் சுமார் 96 டெசிபல் வீச்சையும் தாங்கும். மேயர், மோரான் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட சோதனையில் எஸ்ஏசிடி என்ற ஹை-ரெஸ் தட்டின் ஒலியை நடுவே சிடி தரத்துக்கு இறக்கியும் இறக்காமலும் கேட்கவைத்தார்கள், 554 முறையில் சரியாகச் சொன்னது 276 முறை, காசைச் சுண்டிப்போட்டுச் சொன்னாலும் அதே விடைதான் வரும். ஹை-ரெஸ் பதிவுகள் சில நன்றாக இருப்பது உண்மை, அதற்குக் காரணம் அவற்றைக் கவனமாக, நசுக்காமல் மாஸ்டர் செய்திருப்பது.

கேபிள்?

போதுமான தடிமன், நல்ல இணைப்பு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வினைலும் வால்வு ஆம்பும் இயற்கையாக இருக்கிறதே, அது பொய்யா?

உங்கள் அனுபவம் பொய் இல்லை. ஆனால் அதற்குக் காரணம் துல்லியம் என்று சொல்ல முடியாது. வினைலின் வீச்சு சிடியைவிடக் குறைவு, ஆழமான பாஸை இடது, வலது தடங்களை ஒன்றாகக் கலந்துதான் வெட்டுவார்கள், பரப்பில் இரைச்சலும் உண்டு. வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் இரண்டாம் ஹார்மோனிக் கொஞ்சம் கூடுதலாக வரும், அது மேல் ஸ்தாயியில் அதே சுரம், அதனால் காதுக்கு உறுத்தாமல் ஒலியைக் கனப்படுத்தும். அதோடு அவற்றின் வெளியீட்டு மின்தடை அதிகம் என்பதால் ஸ்பீக்கரின் மின்தடை ஏறி இறங்கும் வழியே ஒலியும் லேசாக ஏறி இறங்கும். மேலே சொன்ன கீச்சிடும் பதிவுகளை இவை கொஞ்சம் மென்மையாக்கிவிடுகின்றன, இழந்த நாதம் திரும்பியது போல இருக்கும். எனக்கும் பிடிக்கும். ஒரு பிழையை இன்னொரு பிழையால் சமன் செய்கிறோம் என்று தெரிந்தே கேட்டால் அதில் தப்பொன்றும் இல்லை.

என் புது ஸ்பீக்கரில் மூச்சு விடுவது, விரல் உரசுவது எல்லாம் கேட்கிறது, அது இயற்கைக்கு இன்னும் நெருக்கம்தானே?

இந்த இடத்தில்தான் உயர்தர ஆடியோ உலகம் வழிமாறிவிட்டது என்று உறுதியாக நினைக்கிறேன். நல்ல அரங்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து பாருங்கள். பாடகரின் உதடு பிரியும் சத்தம் கேட்காது. இரண்டாவது வரிசையில் மூன்றாவது வயலின் எது என்று விரல் நீட்டிக் காட்ட முடியாது, எல்லாம் ஒரு பெரிய, இளஞ்சூடான திரளாக வரும். கத்தியால் நறுக்கியது போன்ற "இமேஜிங்", ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் தெரியும் "டீடெய்ல்" எல்லாம் நெருக்க மைக்கும் தூக்கிவிட்ட ட்ரெபிளும் சேர்ந்து தருபவை. கடையில் பத்து நிமிஷம் கேட்கும்போது பிரமிப்பாக இருக்கும், இரண்டு மணி நேரம் கேட்டால் காது களைத்துவிடும். நேரடி இசை, சத்தம் அத்துமீறாத வரை, அப்படிக் களைக்கவைப்பதில்லை.

இரண்டு ஸ்பீக்கருக்குப் பதில் ஐந்து, ஏழு வைத்தால்?

கோட்பாட்டளவில் அதுதான் சரியான வழி. ஸ்டீரியோவில் நடுவே நிற்பதாகத் தோன்றும் பாடகர் உண்மையில் அங்கே இல்லை, இரண்டு ஸ்பீக்கரின் ஒலியும் இரண்டு காதுக்கும் சற்று முன்பின்னாக வந்து சுமார் 2,000 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒன்றையொன்று கொஞ்சம் அழித்துக்கொள்கின்றன, குரலின் தெளிவுக்கு முக்கியமான இடம் அது. நடுவில் நிஜமாகவே ஒரு ஸ்பீக்கர் இருந்தால் அந்தக் குழி இருக்காது. 1933லேயே பெல் ஆய்வுக்கூடம் ஃபிலடெல்ஃபியாவில் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்ததை வாஷிங்டன் அரங்குக்கு மூன்று தடங்களில்தான் அனுப்பியது. பக்கவாட்டிலும் பின்னாலும் ஸ்பீக்கர் இருந்தால் அரங்கத்தின் எதிரொலி வர வேண்டிய திசையிலிருந்தே வரும். குறை என்னவென்றால் அப்படி நேர்மையாகப் பதிந்த இசை கொஞ்சம்தான் இருக்கிறது.

ஹெட்ஃபோன் அறையின் தொல்லையை நீக்கிவிடுமே?

அறையை நீக்கும், கூடவே உங்கள் தலையையும் நீக்கிவிடும். வெளியிலிருந்து வரும் ஒலி தோளிலும் முகத்திலும் காது மடலிலும் பட்டு உருமாறித்தான் உள்ளே போகிறது, திசையை மூளை அதை வைத்துத்தான் கணிக்கிறது. அது இல்லாததால் இசை மண்டைக்குள்ளேயே நிற்கிறது. சுர வண்ணத்தைக் கேட்க ஹெட்ஃபோன் அருமை, ஆனால் தொடையில் அதிரும் பாஸும் நெஞ்சில் மோதும் அடியும் அதில் கிடையாது.

ஒரு சிஸ்டம் இயற்கையாக இருக்கிறதா என்று நானே எப்படிச் சோதிப்பது?

இரண்டு வழி வைத்திருக்கிறேன். பாட்டைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். அங்கே ஸ்டீரியோவும் இல்லை, இமேஜிங்கும் இல்லை, டீடெய்லும் இல்லை. ஆனாலும் யாராவது நிஜமாகவே பியானோ வாசித்தால் கதவுக்கு வெளியே நின்றே தெரிந்துவிடும், ஏற்ற இறக்கமும் சுர வண்ணமும் வாத்தியம் அறையை நிரப்பும் விதமும் சுவர் தாண்டி வருகின்றன. அங்கிருந்து கேட்டும் ஒரு கணம் "யாரோ வாசிக்கிறார்கள்" என்று தோன்றினால் அது நல்ல சிஸ்டம்.

இன்னொரு வழி குரல், அதிலும் பேச்சு. பிபிசி பொறியாளர்கள் தங்கள் மானிட்டர் ஸ்பீக்கர்களை உருவாக்கும்போது மனிதப் பேச்சை முக்கியமான சோதனையாக வைத்திருந்தார்கள், அதைவிட நமக்குப் பழகிய ஒலி எது? வீட்டில் ஒருவரைச் சாதாரணமாகப் பேசவைத்து, ஒரு மீட்டர் தள்ளி, கம்பளம், போர்வை உள்ள அறையில் பதிந்துகொள்ளுங்கள். அவர் குரலைப் போட்டு, அவரையும் ஸ்பீக்கர் பக்கத்தில் நிறுத்தி மாறி மாறிக் கேளுங்கள். ஒலியளவைச் சரியாக வையுங்கள், சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் 60 டெசிபல் பக்கம்தான் இருக்கும். அதைவிடக் கூட்டினால் எவ்வளவு நல்ல ஸ்பீக்கரிலும் குரல் நெஞ்சுக்கூட்டிலிருந்து வருவது போலக் கனத்துவிடும், ஏனென்றால் ஒலியளவு ஏற ஏறக் காது பாஸை அதிகமாக வாங்குகிறது. ஒரே ஒரு ஸ்பீக்கரில், சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைத்துக் கேளுங்கள்.